பதிலுருவில் வந்து பாடம் சொல்லுதல்
மெய்நிகர் உலகங்களில் கற்பித்தலும் உரையாடலும்: ஓர் ஆய்வுப் பாடம்



பேரன் நம் கண்ணெதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், "வகுப்பில் இருக்கிறேன், தாத்தா" என்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் விடை கூறுகிறான். திரையில் ஒரு சோலை. சோலையின் நடுவே ஒரு மேடை. மேடைமேல் ஓர் ஆசிரியர். எதிரே இருபது மாணவர். அவருள் நீலச் சட்டை அணிந்து நிற்கும் சிறு பாவையே தான் என்கிறான் அவன். இக்காட்சியைக் கண்டு வியப்போரும் உளர், அஞ்சுவோரும் உளர், விளையாட்டுத்தானே என்று விட்டுவிடுவோரும் உளர். வியப்பு, அச்சம், அலட்சியம் ஆகிய மூன்றும் அறிவுக்கு மாற்றாக மாட்டா. அப்பாவை யாது? அதன்வழி உண்மையில் கல்வி நடைபெறுகின்றதா? அதன் செயலுக்குப் பொறுப்பாளர் யாவர்? இம்மூன்று வினாக்களையும் முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

கணினியால் அமைக்கப்பட்டு, பலர் ஒரே வேளையில் உட்புகுந்து நடமாடவும் பேசவும் இடந்தரும் இடத்தை மெய்நிகர் உலகம் என்பர். அவ்வுலகில் நம்மைக் குறித்து நிற்கும் உருவம் 'அவதார்' எனப்படுகிறது. நாம் விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அது நடக்கும். மற்றொன்றை அழுத்தினால் அமரும். நாம் தட்டெழுதும் சொற்களை அது பேசும். நமக்குப் பதிலாக அங்கே நிற்பதால் இதனைப் பதிலுரு என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

அவதாரம் என்னும் வடசொல்லுக்குக் கீழிறங்கி வருதல் என்பது பொருள். இறைவன் மண்ணுலகில் இறங்கிப் பிறக்கிறான் என்னும் கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும் கணினித் துறையார் இச்சொல்லைச் சமயக் கருத்துடன் ஆளவில்லை. மனிதர் திரைக்குள் 'இறங்கும்' உருவம் என்ற அளவிலேயே ஆள்கின்றனர். ஆகவே சொல்லைக் கண்டு மயங்காமல் பொருளை நோக்குவோம்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

இவ்வுலகங்கள் முதலில் படங்களால் அமையவில்லை, எழுத்துகளால் அமைந்தன. 1978 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களாகிய ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் ஆகிய இருவரும் 'மட்' என்னும் எழுத்துலகை உருவாக்கினர். "நீ ஒரு குறுகிய பாதையில் நிற்கிறாய்" என்பது போன்ற வருணனையைப் படித்து, அடுத்துச் செய்ய வேண்டியதைத் தட்டெழுதுவதே அங்கு நடமாடும் முறை.

அடுத்துப் படவுலகம் தோன்றியது. 1980-களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனத்தில் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ஆகியோர் 'ஹேபிடாட்' என்னும் உலகைக் கமடோர் 64 என்ற எளிய வீட்டுக் கணினிக்காக அமைத்தனர். தொலைபேசிக் கம்பிவழி இணைந்த பயனர்கள் அங்கே சிறு படப்பாவைகளாகத் தோன்றினர். திரையில் தோன்றும் பயனரின் உருவத்துக்கு அவதார் என்னும் பெயர் அவ்வுலகின்வழி நிலைபெறலாயிற்று. 1992 இல் வெளிவந்த 'ஸ்நோ கிராஷ்' என்னும் புதினத்தில் நீல் ஸ்டீபன்சன் இச்சொல்லைப் பரவலாக்கியதோடு, 'மெட்டாவெர்ஸ்' என்ற புதுச் சொல்லையும் படைத்தார். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் மெட்டா எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டபோது அப்புதினச் சொல் வணிகச் சொல்லாயிற்று.

கல்வியாளரைப் பெரிதும் ஈர்த்தது 'செகண்ட் லைஃப்' என்னும் உலகமேயாகும். சான் பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லேப் நிறுவனம் இதனை 2003 ஜூன் மாதத்தில் திறந்தது. இதில் வெல்வதற்கு இலக்கும் இல்லை. தோற்பதற்குப் பகையும் இல்லை. ஆதலின் இதனை விளையாட்டு என்பதினும் இடம் என்பதே பொருந்தும். 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட நிலப்பரப்பு ஒரு வட்டாரமாகக் கணக்கிடப்படும். அதனைப் பெற்றவர், தமக்கு வேண்டிய கட்டடத்தையோ தோட்டத்தையோ தாமே அமைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்கள் பல அவ்வாறு தத்தமக்கெனத் தீவுகளை அமைத்தன.

3. வகுப்பறையாகிய தீவுகள்

2006 ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சார்லஸ் நெஸன், தம் மகள் ரெபெக்கா நெஸனுடன் இணைந்து 'சைபர் ஒன்' என்னும் பாடத்தை நடத்தினார். சட்டக் கல்லூரி மாணவர் ஒருபுறம் நேரில் கற்க, தொலைவிலிருந்த விரிவாக்கப் பள்ளி மாணவர் செகண்ட் லைஃபில் அமைந்த பெர்க்மன் தீவில் பதிலுருக்களாகக் கூடினர். பொதுமக்களும் அப்பாடத்தைப் பின்தொடர இடமளிக்கப்பட்டது. கல்லூரிக்கு வர இயலாதவன் கல்லூரி முற்றத்தில் பிறரோடு நிற்பதாக உணர்ந்தான் என்பதே இதன் சிறப்பு.

டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்து உயிரியல் பேராசிரியர் மேரி ஆன் கிளார்க் அமைத்த 'ஜீனோம் தீவு' மரபியல் கற்பிக்கும் தோட்டமாகும். மெண்டல் என்னும் துறவி மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்டறிந்த வரலாற்றை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அத்தகைய மடத்தையும் தோட்டத்தையும் அத்தீவில் அமைத்து, மாணவனே செடிகளைக் கலந்து விளைவை எண்ணிப் பார்க்கும்படி செய்தனர். பல பருவங்கள் காத்திருந்து பெற வேண்டிய விளைச்சலை ஒரு வகுப்பு வேளையிலேயே பெறலாம். அதற்காக ஓர் உயிரையும் வருத்த வேண்டுவதில்லை.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் பீட்டர் எல்லோலீஸ் மற்றொரு வகை வகுப்பை அமைத்தார். மனச்சிதைவு நோயாளர் கேட்கும் பொய்க் குரல்களையும் காணும் பொய்க் காட்சிகளையும் அந்நோயாளரிடமே கேட்டறிந்து, ஒரு கட்டடத்துள் நிறுவினார். உள்ளே செல்லும் பதிலுருவை அக்குரல்கள் இடைவிடாது இழித்துரைக்கும். அவ்வழியே சென்று வந்தவருள் பெரும்பாலோர், நோயாளரின் துன்பத்தைத் தாம் முன்னினும் நன்கு உணர்ந்ததாகக் கூறினர். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்தல் அறத்தின் தொடக்கமாதலின், இவ்வகைப் பாடம் கருதத்தக்கது.

4. ஆற்றூர்ப் பாடம்: ஒரு சான்று

பதிலுருவின்வழிக் கற்பித்தல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஹார்வர்டு கல்வியியல் பேராசிரியர் கிறிஸ் டீடும் அவர் குழுவினரும் உருவாக்கிய 'ரிவர் சிட்டி' சிறந்த சான்றாகும். ஆற்றூர் என்று இதனைத் தமிழில் கூறலாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்தின் பொருளுதவியுடன், நடுநிலைப் பள்ளி மாணவர்க்கென இது அமைக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து அமெரிக்க நகரம் ஒன்று திரையில் விரிகிறது. நடுவே ஆறு ஓடுகிறது. செல்வர் வீடுகள் ஒருபுறமும் ஏழையர் குடியிருப்பு மற்றொருபுறமும் உள்ளன. ஊரில் மக்கள் நோயுறுகின்றனர். காரணம் தெரியவில்லை. இக்கால மாணவர் தம் அறிவியல் அறிவுடன் அந்நகருக்குச் சென்று காரணம் காண வேண்டும் என்பதே பாடம்.

மாணவர் மூவர் நால்வராகச் சேர்ந்து செல்கின்றனர். ஊராரிடம் வினவுகின்றனர்; மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்கின்றனர்; பலவிடங்களில் நீரை எடுத்து ஆய்கின்றனர்; கொசுக்களை எண்ணுகின்றனர். வெவ்வேறு பருவங்களில் மீண்டும் வந்து ஒப்பிடுகின்றனர். நீரால் பரவும் நோய், காற்றால் பரவும் நோய், பூச்சியால் பரவும் நோய் ஆகிய மூன்றும் அங்கே பின்னிக் கிடப்பதால், முதலில் தோன்றும் விடை பெரும்பாலும் முழு விடையாக இராது. பின்னர் ஒவ்வொரு குழுவும் தன் கருதுகோளை எழுதி, ஒரு காரணியை மட்டும் மாற்றி அமைத்த நகரையும் மாற்றாத நகரையும் ஒப்பிட்டு, கண்ட முடிவை நகரத் தலைவருக்குக் கடிதமாக எழுதுகிறது. வகுப்பில் பின்தங்கியோர் எனக் கருதப்பட்ட மாணவரும் இதில் ஊக்கத்துடன் ஈடுபட்டதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? இங்கே ஆசிரியர் விடை கூறவில்லை; வினா எழும் இடத்தை அமைத்தார். மாணவன் கேட்டு அமைவதோடு நில்லாமல் தானே தேடினான். ஒருவன் நீரை ஆய, மற்றொருவன் பதிவேட்டைப் பார்க்க, கண்டதைப் பகிர்ந்தாலன்றி உண்மை புலப்படாதவாறு பாடம் அமைந்திருந்தது. ஒவ்வொருவர் காண்பதும் உண்மையின் ஒரு பக்கமே என்னும் பாடத்தை, நோயின் காரணத்தோடு சேர்த்தே அவர்கள் கற்றனர். பதிலுரு அதற்குக் கருவியாயிற்று. கற்பித்தது பாட அமைப்பே.

5. பதிலுருவின் மொழி

நேரில் பேசுங்கால் சொல் மட்டும் பேசுவதில்லை. கண்ணும் கையும் முகமும் உடன் பேசுகின்றன. பதிலுருவுக்கு இவை குறைவு. ஆயினும் அங்கும் ஒரு மொழி உண்டு. செகண்ட் லைஃபில் தட்டெழுதுபவரின் பதிலுரு, காற்றில் விசைப்பலகை இருப்பதுபோல் கைவிரல்களை அசைக்கும். ஆதலால் இவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று பிறர் அறிந்து காத்திருப்பர். பயனர் நெடுநேரம் விசையைத் தொடாவிடில் அவர் பதிலுரு தலை கவிழ்ந்துவிடும். இதனால் அவர் உள்ளத்தால் அங்கில்லை என்பது புலனாகும். எழுத்துப் பேச்சு 20 மீட்டர் தொலைவிலுள்ளோர்க்கு எட்டும். உரத்த பேச்சு 100 மீட்டர் செல்லும். மெல்லிய பேச்சு 10 மீட்டரில் நின்றுவிடும். ஆகவே அருகில் சென்று நின்று பேசுதல் என்னும் பண்பு அங்கும் தேவையாயிற்று. 2007 இல் குரல்வழிப் பேச்சும் சேர்க்கப்பட்டது.

குரல் வந்தபின் எழுத்து மறையவில்லை என்பது கருதத்தக்கது. கூச்சமுடைய மாணவனும், வேற்றுமொழிக்காரனும், செவித்திறன் குறைந்தவனும் எழுத்தையே நாடுவர். ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே, இடைமறிக்காமல் தன் ஐயத்தை எழுதி வைக்கலாம். நேர்வகுப்பில் ஆண்டு முழுதும் வாய்திறவாத மாணவன் ஈண்டு முதல் வினாவைக் கேட்பதும் உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஜெரமி பெய்லன்சன் இன்னொரு வியப்பையும் ஆராய்ந்தார். நேர்வகுப்பில் ஆசிரியர் ஒரு வேளையில் ஒருவரையே நோக்க முடியும். மெய்நிகர் வகுப்பிலோ, ஒவ்வொரு மாணவனின் திரையிலும் ஆசிரியரின் கண்கள் அம்மாணவனையே நோக்குமாறு அமைக்கலாம். கவனத்தைப் பெற இது உதவும். ஆயினும், "ஆசிரியர் என்னையே நோக்கினார்" என்று நம்பிய மாணவன், அது கணினியின் ஏற்பாடு எனப் பின்னர் அறிந்தால் யாது எண்ணுவான்? நன்மைக்கெனினும் மறைத்துச் செய்வது நம்பிக்கையைக் குலைக்கும். இவ்வாறு செய்ய விரும்பும் ஆசிரியர் முன்னரே அதனை மாணவர்க்குச் சொல்லிவிடுதலே வாய்மைக்கு ஏற்றது.

6. அணிந்த உருவம் அணிந்தவரை மாற்றும்

பதிலுரு வெறும் சட்டை போன்றது என்று நாம் எண்ணலாம். ஆனால் அச்சட்டை உள்ளிருப்பவரையும் மாற்றுகிறது என்பது 2007 இல் நிக் யீ, பெய்லன்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வின் முடிபாகும். அழகிய பதிலுரு தரப்பெற்றவர் எதிரிலிருந்தவரிடம் நெருங்கிச் சென்று, தம்மைப் பற்றி மிகுதியாகப் பேசினர். உயரமான பதிலுரு தரப்பெற்றவர், பணத்தைப் பங்கிடும் பேரத்தில் கடுமை காட்டினர். குட்டையான பதிலுரு தரப்பெற்றவர் நேர்மையற்ற பங்கையும் ஏற்க மிகுதியாக இசைந்தனர். உருவத்தைப் பயனர் தேர்ந்துகொள்ளவில்லை, ஆய்வாளரே தந்தனர். சில நிமிடங்களிலேயே உருவத்துக்கேற்ற குணம் தலைகாட்டியது. வேண்டியபோது வேற்றுரு எடுக்கும் கிரேக்கத் தொன்மத் தெய்வத்தின் பெயரால் இதனைப் புரோட்டியஸ் விளைவு என்பர்.

இதனால் இருவகைப் பயன் உண்டு. 2011 இல் வெளிவந்த ஹெர்ஷ்ஃபீல்டு குழுவினரின் ஆய்வில், தம் முகத்தையே முதுமையுற்றதாகக் காட்டிய பதிலுருவைக் கண்ட இளையோர், முதுமைக் காலத்துக்கென மிகுதியான பணத்தை ஒதுக்க முன்வந்தனர். யாக்கை நிலையாமையைச் சொல்லால் கேட்பதினும் கண்ணால் காண்பது உள்ளத்தைத் தொட்டது. அதே வேளையில், வாளேந்திய உருவையும் பகட்டான உருவையும் நாள்தோறும் அணியும் சிறுவனின் உள்ளத்தில் யாது படியும் என்னும் வினாவையும் பெற்றோர் எண்ண வேண்டும். குழந்தை எந்த உருவைத் தேர்கிறது என்பதை அன்புடன் கேட்டறிதல் நன்று.

7. உடலின் தளை நீங்கியோர்

பதிலுருவின் மிகச் சிறந்த பயனை உடல் தடையுற்றோரிடம் காண்கிறோம். செகண்ட் லைஃபின் தொடக்க ஆண்டுகளில், பாஸ்டன் நகரத்தில் பெருமூளை வாதத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒன்பது பேர், பராமரிப்பாளர் உதவியுடன் ஒரே பதிலுருவைப் பகிர்ந்து நடத்தினர். நடக்கவும் தெளிவாகப் பேசவும் இயலாத அவர்கள், கூடி முடிவு செய்து ஒரே உருவாக நடந்தனர், நண்பர்களைப் பெற்றனர். பின்னர் உடல் தடையுற்றோர்க்கெனவே 'வர்ச்சுவல் எபிலிட்டி' என்னும் தீவும் அமைந்தது. புதிதாக வருவோர் பதிலுருவை இயக்கக் கற்கும் பயிற்சிப் பாதை அங்குண்டு.

நார்வே நாட்டில் தசைச் சிதைவு நோயால் வருந்திய இளைஞர் ஒருவர் 2014 ஆம் ஆண்டில் தம் 25 ஆம் வயதில் மறைந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி இணைய விளையாட்டு உலகிலேயே அவர் பொழுதைக் கழித்ததால், நட்பும் பயனும் அற்ற வாழ்வாயிற்றே என்று பெற்றோர் ஏங்கினர். மகன் இறந்த செய்தியைத் தந்தை அவருடைய இணையப் பக்கத்தில் எழுதியபின், பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்தன. ஒருவர் துயரில் இருந்தபோது அவர் ஆறுதல் கூறியதை எழுதினார். தாய் ஒருத்தி, தன் மகனோடு பேச வழிகாட்டியவர் அவரே என்று எழுதினாள். அவர் முகத்தை ஒருநாளும் நேரில் காணாதவர் சிலர் இறுதிச் சடங்குக்கு வந்து நின்றனர். அவ்வாழ்க்கை 2024 இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது. பெற்றோர் கண்டது நாற்காலியில் அசைவற்றிருந்த மகனை. பிறர் கண்டது தம்மைத் தாங்கிய தோழனை. இரண்டும் ஒருவரே. நம் பிள்ளைகள் திரையில் யாராக வாழ்கின்றனர் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் அழுத்தமான சான்று வேண்டுவதில்லை.

8. குறைகளும் எல்லைகளும்

ஒருபக்கப் புகழுரை ஆய்வாகாது. குறைகளையும் காண்போம்.

முதலாவது, மனம் தோய்தல் வேறு, கற்றல் வேறு. மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அறிவியல் ஆய்வகப் பாடத்தைச் சிலர் சாதாரணக் கணினித் திரையிலும் சிலர் தலையில் அணியும் கருவியாலும் கற்றனர். கருவி அணிந்தோர், தாம் ஆய்வகத்திலேயே இருந்ததாக மிகுதியாக உணர்ந்தனர். ஆனால் குறைவாகவே கற்றனர். கண்ணுக்கும் செவிக்கும் விருந்து மிகுந்தபோது, சிந்தனைக்கு இடம் சுருங்கியது.

இரண்டாவது, நிலையாமை. கூகிளின் 'லைவ்லி' உலகம் 2008 ஜூலையில் தோன்றி அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தது. செகண்ட் லைஃபில் கல்வி நிறுவனங்கள் பெற்றுவந்த பாதிக் கட்டணச் சலுகை 2011 முதல் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு 2010 அக்டோபரில் வந்ததும், பலர் தம் தீவுகளைக் கைவிட்டனர். சிலர் 'ஓப்பன்சிம்' என்னும் திறந்த மென்பொருளுக்கு மாறினர். சலுகை 2013 இல் மீண்டபோது சென்றவர் பலர் திரும்பவில்லை. 'ஆல்ட்ஸ்பேஸ்' 2023 மார்ச்சிலும், மோசில்லாவின் 'ஹப்ஸ்' 2024 மே மாத இறுதியிலும் மூடப்பட்டன. பிறர் நிலத்தில் கட்டிய பள்ளி நிலவுடைமையாளர் விருப்பத்தில் நிற்கும். ஆகவே பாடக் குறிப்புகளையும் மாணவர் ஆக்கங்களையும் தனியே சேமித்து வைத்தல் ஆசிரியரின் கடமை.

மூன்றாவது, வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு. நல்ல கணினியும் விரைவான இணைப்பும் இல்லாத மாணவனின் பதிலுரு நின்று நின்று அசையும். அவன் பாடத்தைப் பாதியே பெறுவான். வகுப்பு தொடங்குமுன் இதனைக் கேட்டறியாத ஆசிரியர், அறியாமலே ஒருவனைப் புறத்தே நிறுத்திவிடுகிறார்.

9. மாக்கோழியும் திரைப்பாவையும்

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். பதிலுருவின் செயலுக்குப் பொறுப்பாளர் யாவர்?

1993 ஆம் ஆண்டில் 'லாம்டாமூ' என்னும் எழுத்துலகில் ஒரு பயனர், பிறருடைய பாத்திரங்கள் இழிசெயல் புரிவதுபோலத் தாமே எழுதி, பலர்முன் அவர்களை அவமதித்தார். யாருடைய உடலையும் யாரும் தொடவில்லை. அங்கே இருந்தவை எழுத்துகள் மட்டுமே. எனினும் இழிவுற்றோர் உண்மையிலேயே நொந்தனர். உறுப்பினர் கூடி நெடுநேரம் வாதிட்டனர். முடிவில் அப்பாத்திரம் நீக்கப்பட்டது. பின்னர் உறுப்பினர் வாக்களித்து விதி வகுக்கும் முறையும் அவ்வுலகில் தோன்றியது. "பொய்யுருவத்துக்கு நேர்ந்தது பொய்த்துன்பமே" என்ற வாதம் அன்றே தோற்றது.

நம் குடும்பங்களில் யசோதர காவியத்தைக் கேளாதார் அரியர். உயிர்ப்பலி இட மறுத்த அரசன் யசோதரன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். அங்கே உயிர் ஏதும் மடியவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அவ்வாளில் இருந்தது. அவ்வெண்ணத்தின் பயனாக அன்னையும் மகனும் நாயும் மயிலுமாகத் தொடங்கிப் பிறவிதோறும் உழன்றனர். திரையில் காணும் பாவையும் ஒருவகை மாக்கோழியே. பாவைக்கு வலி இல்லை என்பது உண்மை. பாவையை ஏவும் உள்ளத்தில் எழும் எண்ணமோ மாவினால் ஆனதன்று. சங்கல்ப இம்சை என்று நம் நூல்கள் பிரித்துக் கூறியதன் நுட்பம் இங்கே விளங்கும். அன்றியும், மாக்கோழிக்கும் பதிலுருவுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு: மாக்கோழிக்குப் பின்னே எவரும் இல்லை, பதிலுருவுக்குப் பின்னே உயிருள்ள மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

இதனால் மெய்நிகர் உலகம் முழுதும் விலக்கத்தக்கது என்று முடிவு செய்தல் வேண்டா. எண்ணமே அளவுகோல் என்றால், அது இருபுறமும் அளக்கும். ஆற்றூர் மக்களின் நோய் தீர்க்க அலைந்த மாணவனின் நல்லெண்ணமும் மாவினால் ஆனதன்று. துயருற்றவரைத் திரைவழித் தேற்றிய நார்வே இளைஞரின் அருளும் பொய்யன்று. மனமும் மொழியும் செயற்பட்டபின், மெய் அங்கில்லை என்பது குறைக்கும் காரணமாகாது. நன்மைக்கும் அஃதே, தீமைக்கும் அஃதே.

10. ஆசிரியரும் பெற்றோரும் கொள்ள வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து கீழ்க்காணும் நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

அ. நேரில் எளிதில் கற்பிக்கக் கூடியதைப் பதிலுருவுக்குக் கொண்டுசெல்ல வேண்டுவதில்லை. நேரில் செல்ல இயலாத இடம், காண இயலாத காலம், உயிர்க்கு ஊறு விளையும் சோதனை, கூடி ஆராயும் வினா ஆகியவற்றுக்கே அதனைப் பயன்படுத்துக.

ஆ. முதல் வகுப்பில் பாடம் வேண்டா. நடத்தல், அமர்தல், பேசுதல் ஆகியவற்றைப் பழக்குவதற்கே அவ்வேளையை ஒதுக்குக. உருவை இயக்கத் தடுமாறுபவன் பாடத்தைக் கேளான்.

இ. குரலோடு எழுத்தையும் வைத்துக்கொள்க. மௌனத்தை உடனே அலட்சியம் என்று கொள்ளாமல், இணைப்பு அறுந்ததோ என முதலில் வினவுக.

ஈ. ஒவ்வொரு வகுப்பின் இறுதியிலும் திரையை அணைத்துவிட்டு, கற்றதைத் தாளில் எழுதச் செய்க. ஆற்றூர் மாணவர் எழுதிய கடிதமே அவர்கள் கல்விக்கு முத்திரையாயிற்று.

உ. பதிலுருவின் பெயரும் உருவும் எவ்வாறாயினும், அதன் சொல்லுக்கும் செயலுக்கும் தாமே பொறுப்பு என்பதைச் சிறுவர்க்கு முதல்நாளே உணர்த்துக. அவ்வாறே, எதிரில் நிற்கும் சிறுவன் உருவத்துக்குப் பின்னே முதியவரும் இருக்கலாமாதலின், வீட்டு முகவரி முதலியவற்றை எவருக்கும் சொல்லாதிருக்கப் பழக்குக.

ஊ. வயது வரம்பைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். தலையில் அணியும் கருவிக்கான வரம்பை மெட்டா நிறுவனம் 2023 இல், பெற்றோர் மேற்பார்வை என்னும் நிபந்தனையுடன், 13 இலிருந்து 10 ஆகக் குறைத்தது. மேற்பார்வை என்பது ஒருமுறை ஒப்புதல் தருவதன்று, உடனிருந்து காண்பதாகும்.

முடிவுரை

ஒரு மாலைப் பொழுதில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "உன் உலகை எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். அங்கே யார் நண்பர், என்ன செய்கிறார்கள், எதனால் மகிழ்கிறார்கள் என்று அவனே சொல்லட்டும். கண்டிப்பினும் கேள்வி நன்று. கேள்வியினும் உடனிருத்தல் நன்று. உருவம் எத்தனை மாறினும் அதனை ஏவும் உள்ளம் ஒன்றே. அவ்வுள்ளத்தைப் பண்படுத்துவதே கல்வி. அது மரத்தடியில் நடப்பினும், மாடக் கூடத்தில் நடப்பினும், திரைக்குள் நடப்பினும் அதன் இலக்கணம் மாறாது. இதனை உணர்ந்து, புதியதை ஆராய்ந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளி, நம் இளையோரை நல்வழிப்படுத்துவோமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்
(இல்லத்தில் பெரியோரும் சிறியோரும் சேர்ந்து ஆராய்க)

1. ஆற்றூர்ப் பாடத்தில் மாணவர் குழுவாகச் சென்றதால் பெற்ற நன்மைகள் யாவை?
2. எல்லா மாணவரையும் ஒரே வேளையில் நோக்குவதாகத் தோன்றும் ஆசிரியர் உருவம் வாய்மைக்கு மாறானதா? எப்போது மாறானதாகும், எப்போது ஆகாது?
3. அணிந்த உருவம் அணிந்தவரின் குணத்தை மாற்றும் என்பதற்குரிய சான்றுகளைக் கூறுக. நீவிர் எவ்வுருவைத் தேர்வீர்? ஏன்?
4. மனம் தோய்தல் மிகுந்தும் கற்றல் குறைந்தது எதனால்?
5. மாக்கோழிக்கும் பதிலுருவுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை விளக்குக.